பழைய எம்ஜிபி: விளக்கு மங்குகிறது, பம்ப் நின்றுவிடுகிறது. வயரிங் மொத்தத்தையும் மாற்றணுமா?

மாறன்_டெர்பி:

வணக்கம். இங்கிலாந்தில் டெர்பி பக்கம் இருக்கிறேன். என்னிடம் 1971 மாடல் எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரை திறக்கும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று இருக்கிறது, 1798 சிசி எஞ்சின், குரோம் பம்பர், ஸ்போக் சக்கரம். எஞ்சினும் கியர்பாக்ஸும் அருமை, பாடியிலும் துரு அதிகமில்லை. தொல்லை முழுக்க எலக்ட்ரிக்கலில்தான். அதுவும் ஒரே தொல்லையாக இருந்தால் பிடித்துவிடலாம், ஒவ்வொரு வாரமும் ஒவ்வொன்று.

ஹெட்லைட் மஞ்சளாக எரிகிறது, சிக்னலில் நிற்கும்போது இன்னும் மங்கி, ஆக்சிலரேட்டரை மிதித்தால் கொஞ்சம் தெளிகிறது. பிரேக்கை மிதித்தபடி இண்டிகேட்டர் போட்டால் பின்பக்கம் ஒழுங்காக மின்னாமல் டெயில் லைட்டும் சேர்ந்து லேசாகத் துடிக்கிறது. டேங்க்கில் பாதிதான் இருக்கும், பெட்ரோல் முள் ஃபுல்லையும் தாண்டிப் போய் நிற்கும். பெட்ரோல் பம்ப் சில நாள் சாவியைத் திருப்பியதும் டக்டக்கென்று அடிக்கிறது, சில நாள் சத்தமே இல்லை. அப்போது பின் சக்கரத்துப் பக்கம் குனிந்து ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் ஒரு தட்டு தட்டினால் ஓடத் தொடங்கிவிடும். புதிதாகக் கவனித்தது, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது சோக் கேபிள் (குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ய இழுப்பது) சூடாகிறது. கையில் நன்றாகவே தெரிகிறது.

இங்கே ஒரு கராஜில் காட்டினேன். வயரிங்கை மொத்தமாகப் பிடுங்கிவிட்டுப் புதுசு போடுங்கள், ஆல்டர்னேட்டர், பம்ப், இக்னிஷன் எல்லாவற்றையும் மாற்றுங்கள், அப்புறம்தான் நிம்மதி என்றார்கள். செலவு ஒரு பக்கம். டேஷ்போர்டைக் கழற்றிப் போட்டால் இந்தக் கோடை முழுக்க வண்டி கராஜில்தான் நிற்கும், இந்த ஊரில் கூரையைத் திறந்து ஓட்டக் கிடைப்பதே அந்தச் சில மாதங்கள்தான். அதைவிட, 50 வருஷம் தாண்டி வந்த சாமான்களை ஒரே நாளில் குப்பையில் போட மனசு வரவில்லை. இதோடு வாழ்ந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், எங்கே தொடங்கணும்?


ஸ்பிட்ஃபயர்_சுதன்:

வணக்கம் மாறன். முதலில் ஒரு கேள்வி, வண்டி பொசிட்டிவ் எர்த்தா, நெகட்டிவ் எர்த்தா, அதாவது பட்டரியின் எந்த முனை பாடியோடு சேர்ந்திருக்கிறது? 1967 கடைசி வரை வந்த எம்ஜிபிகள் எல்லாம் பொசிட்டிவ் எர்த், டைனமோ. அதற்குப் பிறகுதான் நெகட்டிவ் எர்த்தும் ஆல்டர்னேட்டரும் வந்தன. உங்களுடையது 71 என்றபடியால் நெகட்டிவாகத்தான் இருக்க வேணும், ஆனாலும் எத்தனையோ கை மாறி வந்த வண்டிகள் இவை, முந்தி வைத்திருந்தவர் என்ன செய்து வைத்தார் என்று தெரியாது. பட்டரியைத் திறந்து வடிவாகப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கோ.


மாறன்_டெர்பி:

பார்த்துவிட்டேன், நெகட்டிவ் எர்த். 16ஏசிஆர் ஆல்டர்னேட்டர். சீட்டுக்குப் பின்னால் தரைக்குக் கீழே இரண்டு 6 வோல்ட் பேட்டரி, சீரிஸில். ஃப்யூஸ் பாக்ஸில் நான்கு கண்ணாடி ஃப்யூஸ்.


பட்டறை_பெரியவர்:

தம்பி, எதையும் பிடுங்க வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள்.

நான் சென்னையில் ஆட்டோ எலக்ட்ரீசியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எம்ஜிபி எங்கள் பட்டறைப் பக்கம் வந்ததில்லை. ஆனால் அம்பாசடரில் பல வருஷம் ஓடிய 1489 சிசி எஞ்சின் உங்கள் எஞ்சினுக்கு அண்ணன், இரண்டும் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி சீரிஸ் குடும்பம்தான். ஸ்டாண்டர்டு ஹெரால்டும் எக்கச்சக்கமாகப் பார்த்திருக்கிறேன், அது டிரையம்ஃப் ஹெரால்டை இங்கே சென்னையிலேயே செய்து விட்டது. எலக்ட்ரிக்கல் சாமான் எல்லாம் லூகாஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியுடையது, உங்கள் வண்டியிலும் அதுதான். 1961-ல் சென்னை பாடி பகுதியில் லூகாஸ் டிவிஎஸ் தொடங்கிய பிறகு டைனமோ, செல்ஃப், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் இங்கேயே கிடைத்தது. இங்கிலாந்துக்காரர்கள் அந்தப் பெயரைச் சொல்லி என்னென்னவோ கேலி பேசுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. ஒழுங்கான எர்த் கொடுத்தால் அந்தச் சாமான் தலைமுறைக்கும் உழைக்கும். எங்கள் ஊர் வெயிலிலும் மழைத்தண்ணீரிலும் டாக்ஸியாக ஓடிய வண்டிகளில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் சொன்னதில் பம்பைத் தவிர எதுவும் சாமான் கோளாறு மாதிரி எனக்குத் தெரியவில்லை. மற்றதெல்லாம் எர்த் கோளாறு, அதாவது கரண்ட் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் வழி சரியில்லை.

சோக் கேபிளை முதலில் பாருங்கள், மற்ற வேலையெல்லாம் அப்புறம். எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் கரண்ட் போகாது. செல்ஃப் அடிக்கும்போது நூற்றுக்கணக்கான ஆம்பியர் எஞ்சினிலிருந்து பாடிக்குத் திரும்பி வந்தாகணும், அதற்காகத்தான் எஞ்சின் கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து பாடிக்கு ஒரு தடித்த பின்னல் பட்டை போட்டிருப்பார்கள். அது அறுந்திருக்கும், அல்லது கிளட்ச் வேலை பார்த்தவர் திருப்பி மாட்டாமல் விட்டிருப்பார். பட்டை இல்லையென்றால் கரண்ட் கிடைத்த வழியில் போகும், எஞ்சினையும் பாடியையும் சேர்க்கிற உலோகம் என்று மிஞ்சுவது சோக் கேபிளும் ஆக்சிலரேட்டர் கேபிளும்தான். இன்று சூடாகிறது, நாளை உள்ளே பற்றி ஒட்டிக்கொள்ளும். ஆக்சிலரேட்டர் கேபிள் அப்படி ஒட்டினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பட்டையை மாற்றும் வரை வண்டியை எடுக்காதீர்கள்.

பிரேக் மிதித்தால் டெயில் லைட் துடிக்கிறது என்றீர்களே, அது பின்பக்க எர்த். விளக்குக்கு வந்த கரண்ட் கறுப்பு வயர் வழியாகத் திரும்பிப் போக முடியாமல், பக்கத்து பல்பின் இழை வழியாகத் தலைகீழாகப் போய் வெளியே வருகிறது. அதனால்தான் சம்பந்தமில்லாத விளக்கெல்லாம் மினுங்குகிறது. டிக்கியில் அந்தக் கறுப்பு வயர்கள் எந்த போல்ட்டில் முடிகின்றன என்று தேடிப் பிடியுங்கள். கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தகடு பளபளவென்று தெரியும் வரை தேய்த்து, புது வாஷர் வைத்து முறுக்கி, மேலே வாசலின் தடவிவிடுங்கள். பெயிண்ட்டுக்கு மேல் முறுக்கினால் பிரயோஜனமில்லை.

பெட்ரோல் முள்ளும் அதே கதைதான். டேஷ்போர்டுக்குப் பின்னால் சின்னத் தகரப் பெட்டி மாதிரி ஒரு வோல்டேஜ் ஸ்டெபிலைசர் இருக்கும். உள்ளே ஒரு பைமெட்டல் தகடு சூடாகி வளைந்து கரண்ட்டை விட்டு விட்டுக் கொடுக்கும், சராசரியாக 10 வோல்ட் மீட்டருக்குப் போகும். அந்தப் பெட்டிக்கு எர்த் போய்விட்டால் தகடு சூடாகாது, முழு பேட்டரி வோல்டேஜும் மீட்டருக்குப் போய்விடும், முள் மேலே ஏறி நிற்கும். மீட்டரையும் டேங்க் யூனிட்டையும் மாற்றிப் பணத்தை விடாதீர்கள், அந்தப் பெட்டியின் ஸ்க்ரூவைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுங்கள்.

ஹெட்லைட்டுக்கு மல்டிமீட்டர் வேண்டும். விளக்கை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில், மறுமுனையை ஹெட்லைட் பின்னால் வரும் கறுப்பு வயரில் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் மோசம். அதேபோல் பேட்டரி பாசிட்டிவுக்கும் விளக்குக்கு வரும் கரண்ட் வயருக்கும் நடுவே வைத்துப் பாருங்கள், வழியில் எவ்வளவு தொலைந்தது என்று தெரியும். விளக்கை அணைத்துவிட்டு அளந்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் காட்டும், லோடு இருக்கும்போதுதான் உண்மை வெளிவரும். வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் போய்விடும் தம்பி, அதனால் கொஞ்சம்தானே குறைகிறது என்று விட்டுவிடக் கூடாது.


ஸ்பிட்ஃபயர்_சுதன்:

பெரியவர் சொன்னது அத்தனையும் சரி, ஒரு இடத்தில் மட்டும் நான் வேறு மாதிரிச் சொல்லுவேன். நான் லண்டனில் ஒரு டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் வைத்திருக்கிறேன் (அதுவும் ஹெரால்டின் சேஸியில் பிறந்த வண்டிதான் ஐயா). எர்த்துகளைச் சுத்தம் செய்து கொஞ்சக் காலம் நன்றாகத்தான் ஓடினது. பிறகு டேஷ்போர்டுக்குக் கீழே பார்த்தால், எனக்கு முதல் வைத்திருந்தவர்கள் ரேடியோவுக்கு ஒன்று, ஃபாக் லைட்டுக்கு ஒன்று என்று நல்ல வயரை அறுத்து நீல நிறக் கிளிப் போட்டு இழுத்து வைத்திருந்தார்கள். சில வயர்களின் உறை கையில் வளைத்தவுடனே வெடித்து உதிர்ந்தது. அப்படி இருந்தால் ஒட்டுப் போட்டுக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை, புது வயரிங்தான். உங்கள் வண்டியில் உறை இன்னும் மெத்தென்று வளைந்தால், மண்ணிற வயரில் யாரும் கைவைக்காமல் இருந்தால், பழையதையே வைத்திருங்கோ. டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு டோர்ச்சோடு படுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கோ.

ஏன் மண்ணிறத்தைச் சொல்லுகிறேன் என்றால், இந்தக் கார்களில் நிறத்துக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. மண்ணிறம் பட்டரியிலிருந்து நேரே வருவது, சாவி இல்லாமலும் எப்போதும் கரண்ட் இருக்கும். வெள்ளை, சாவி போட்டால் வருவது. பச்சை, சாவியும் ஃப்யூஸும் தாண்டி வருவது. ஊதா, ஃப்யூஸ் தாண்டி எப்போதும் இருப்பது, ஹோர்ன் மாதிரி. நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங்கும் டெயிலும், கறுப்பு எர்த். இதை மனதில் வைத்துக்கொண்டால் வரைபடம் இல்லாமலே பாதிப் பிழை பிடிக்கலாம். உங்களுடைய காரில் மண்ணிறத்துக்கும் ஹெட்லைட்டுக்கும் ஃப்யூஸே கிடையாது. மண்ணிற வயர் எங்காவது உரசித் தகட்டில் பட்டால் அணைக்க வழியில்லை, வயரிங் முழுக்க எரியும். அதனால் இன்றைக்கே ஒரு பட்டரி கட்-ஓஃப் சுவிட்ச் வாங்கிப் போடுங்கோ, கை எட்டுகிற இடத்தில். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

மற்றது ரிலே, அதாவது சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து 9 ஆம்பியருக்குக் கிட்ட இழுக்கும், அது முழுக்க டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகப் போய், டிப் சுவிட்ச் வழியாகச் சுற்றி, திரும்ப முன்னுக்கு வருகிறது. 50 வருசத்துச் சுவிட்சின் உள்ளே கரி பிடித்திருக்கும். டிப்புக்கு ஒன்று, மெயின் பீமுக்கு ஒன்று என்று இரண்டு ரிலே முன்பக்கம் போட்டு, கரண்ட்டை ஸ்டார்ட்டர் சொலினோய்டிலிருந்து ஃப்யூஸ் வைத்து நேரே கொடுங்கோ, பழைய வயர் ரிலேயை இயக்க மட்டும். ஒரு வயரும் அறுக்கத் தேவையில்லை, வேண்டாம் என்றால் ஒரு பின்னேரத்தில் கழற்றிப் பழையபடி ஆக்கலாம்.

ஃப்யூஸ் வாங்கும்போதும் கவனம். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கண்ணாடி ஃப்யூஸில் 35 என்று போட்டிருப்பது அது உருகும் அளவு, தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். இப்போதைய கண்ணாடி ஃப்யூஸில் போட்டிருப்பது தொடர்ந்து தாங்கும் அளவு. நம்பர் ஒன்றாக இருக்கிறதே என்று புது 35-ஐப் போட்டால் ஃப்யூஸுக்கு முதல் வயர் உருகும்.

40 வயது தாண்டிய கார்களுக்கு இங்கே 2018-க்குப் பிறகு எம்ஓடி (வருடாந்தர வாகனப் பரிசோதனை) கட்டாயமில்லை என்பது தெரிந்திருக்கும். ஆனாலும் வருசத்துக்கு ஒருக்கால் கொண்டுபோய்க் காட்டுங்கோ. பிரேக் லைட் எரிகிறதா என்று பின்னால் நின்று பார்க்க இன்னொரு ஆள் வேணும்தானே.


நிலா_ரீடிங்:

அண்ணா, பம்ப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். என்னிடம் எம்ஜிபி ஜிடி (கூரை மூடிய மாடல்) இருக்கிறது, மழை பனி பார்க்காமல் தினமும் வேலைக்கு அதில்தான் போகிறேன்.

அந்த எஸ்யூ கம்பெனி பம்புக்குள் டிஸ்ட்ரிபியூட்டரில் இருப்பது மாதிரியே ஒரு ஜோடி பாயிண்ட் (தொட்டு விலகும் கான்டாக்ட்) இருக்கிறது. காயில் டயஃபிரமை இழுக்கும், இழுத்து முடிந்ததும் பாயிண்ட் திறந்து கரண்ட் நிற்கும், ஸ்பிரிங் டயஃபிரமைத் திருப்பித் தள்ளும், மறுபடி பாயிண்ட் மூடும். நீங்கள் கேட்கும் டக்டக் அதுதான். பாயிண்ட் கரிந்தாலோ வண்டி ரொம்ப நாள் நின்று முகம் மங்கிப்போனாலோ தொட்டும் தொடாமல் நிற்கும், தட்டினால் அசைந்து பிடித்துக்கொள்ளும். பம்ப் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. கறுப்பு மூடியைக் கழற்றி மெல்லிய உப்புத்தாளை பாயிண்ட்டுக்கு நடுவே விட்டு இழுத்துப் பாருங்கள், பள்ளம் விழுந்திருந்தால் பாயிண்ட் செட் மட்டும் தனியாகக் கிடைக்கும். ஆனால் அதற்கு முன் பம்பின் எர்த்தைப் பாருங்கள், இந்த மாடலில் அது பெரும்பாலும் டிக்கியில் நம்பர் பிளேட் போல்ட்டில்தான் போய் முடியும். டெயில் லைட் துடிப்பதும் பம்ப் முரண்டு பிடிப்பதும் ஒரே போல்ட்டால் இருந்தால் எனக்கு ஆச்சரியமே இல்லை.

சத்தத்தைக் கேட்கப் பழகிக்கொள்ளுங்கள். சாவி போட்டதும் வேகமாக அடித்து, கார்பரேட்டர் நிறைந்ததும் நிற்கணும். எஞ்சின் ஓடாதபோதும் நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் டேங்க்கில் பெட்ரோல் இல்லை, அல்லது வழியில் காற்று இழுக்கிறது, அல்லது கார்பரேட்டர் நிரம்பி வழிகிறது. வழிந்தால் உடனே சாவியை எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, நல்லபடியாக ஓடுகிற பழைய பார்ட்டைக் கழற்றிப் புதுசு போடும் ஆசையே வேண்டாம். இப்போது வரும் மலிவு கண்டன்சர், ரோட்டார் ஆர்ம் (டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் பார்ட்டுகள்) இரண்டும் என்னை நடுவழியில் நிறுத்தியிருக்கின்றன. கடைப் பெயர் வேண்டாம். ரோட்டார் ஆர்மில் பித்தளைத் தகட்டைப் பிடிக்கும் ரிவெட் அடியில் இருக்கும் ஸ்பிரிங்குக்கு ரொம்பக் கிட்டே இறங்கியிருக்கும், நடுவில் இருக்கும் பிளாஸ்டிக்கை ஹைவோல்டேஜ் துளைத்துக்கொண்டு நேரே ஷாஃப்ட்டுக்குப் போய்விடும். சூடானதும் எஞ்சின் சட்டென்று நிற்கும், ஆறினால் மறுபடி ஸ்டார்ட் ஆகும், ஆளைப் பைத்தியமாக்கிவிடும். ரிவெட் இல்லாத சிவப்பு ரோட்டார் ஆர்ம் தனியாக விற்கிறார்கள், அதை மாற்றிய பிறகு அந்தத் தொல்லை எனக்கு வரவே இல்லை. அந்தக் காலத்துக் கண்டன்சர் எங்காவது கிடைத்தால் விலை பார்க்காமல் வாங்கி டிக்கியில் வையுங்கள். நான் எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாறிவிட்டேன், ஆனாலும் பழைய பாயிண்ட், கண்டன்சர் பொருத்திய பேஸ் பிளேட்டை அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன். எலக்ட்ரானிக் பெட்டி போனால் போனதுதான், ரோட்டோரத்தில் ஒன்றும் செய்ய முடியாது. பாயிண்ட்டை சாவிக்கொத்தில் தொங்கும் சின்ன டார்ச் வெளிச்சத்தில்கூட சரி செய்துவிடலாம்.


மாறன்_டெர்பி:

எல்லாருக்கும் நன்றி, செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

பெரியவர் சொன்ன பட்டை இருந்தது, ஆனால் பேருக்குத்தான். பின்னல் பச்சையாகப் பூத்து, நாலைந்து இழைதான் மிச்சம். கையால் இழுத்ததும் வந்துவிட்டது. புதுசு போட்டதும் செல்ஃப் சத்தமே மாறிவிட்டது, இழுத்து இழுத்துச் சுற்றிய எஞ்சின் இப்போது விறுவிறுவென்று சுற்றுகிறது. சோக் கேபிள் துளி சூடு இல்லை.

நிலா சொன்ன நம்பர் பிளேட் போல்ட்டையும் கழற்றினேன். பெயிண்ட்டுக்கு மேல் முறுக்கியிருந்தார்கள், அடியில் துரு. தேய்த்து மாட்டியதும் இண்டிகேட்டரும் பிரேக்கும் அதனதன் வேலையைப் பார்க்கின்றன, பம்பும் அன்றிலிருந்து ஒழுங்காக அடிக்கிறது. பாயிண்ட்டை இன்னும் திறக்கவில்லை. பெட்ரோல் முள்ளும் சரியாகிவிட்டது, ஸ்டெபிலைசர் ஸ்க்ரூ கையாலேயே சுற்றும் அளவு லூஸாக இருந்தது.

ஹெட்லைட்டை எரியவிட்டு அளந்தபோது பேட்டரியில் 12.2, பல்பில் வெறும் 10.3. எர்த் பக்கம் 0.9 வோல்ட் தொலைந்துகொண்டிருந்தது, மீதி கரண்ட் வரும் வழியில். கிரில்லுக்குப் பின்னால் இருந்த புல்லட் கனெக்டர்களை (வயர்களை இணைக்கும் சொருகிகள்) கழற்றினால் உள்ளே பச்சைப் பொடி கொட்டுகிறது. உறைகளைப் புதுசாகப் போட்டு, புல்லட்டைத் தேய்த்து மாட்டியதும் எர்த் பக்கம் 0.1-தான். சுவிட்ச் பக்க இழப்புக்கு சுதன் சொன்ன ரிலேயை வாங்கிவிட்டேன், இந்த வாரக் கடைசியில் போடுகிறேன். கட்-ஆஃப் சுவிட்ச் ஏற்கனவே மாட்டியாச்சு. டேஷ்போர்டுக்குக் கீழே பார்த்தேன், வயர் உறை நன்றாக வளைகிறது, ரேடியோவுக்கு இழுத்த ஒரு ஒட்டைத் தவிர யாரும் கைவைக்கவில்லை. ஆகவே வயரிங் அப்படியே இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஒன்றே ஒன்று மிச்சம். ஓவர்டிரைவ் (வேகமாகப் போகும்போது எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) சில சமயம் விழுகிறது, சில சமயம் விழுவதில்லை, குழியில் இறங்கி ஏறினால் தானாகவே விட்டுவிடுகிறது. இதுவும் கரண்ட்தானா, இல்லை கியர்பாக்ஸை இறக்கணுமா?


பட்டறை_பெரியவர்:

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் தம்பி. ஆல்டர்னேட்டரையும் மாற்றச் சொன்னார்களே, அதைத் தொடுவதற்கு முன் எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் அளந்து பாருங்கள், 14 வோல்ட்டை ஒட்டி இருந்தால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். சார்ஜ் விளக்கு பல்பையும் பாருங்கள். சாவி போட்டதும் அது எரியணும், அந்த பல்ப் வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்கு முதல் கரண்ட் போகிறது. பல்ப் ஃபியூஸ் போனாலே சார்ஜ் ஆகாமல் இருக்கும், இதற்காக நல்ல ஆல்டர்னேட்டரைத் தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஓவர்டிரைவ் எங்கள் வண்டிகளில் கிடையாது, அதை சுதனிடமோ நிலாவிடமோதான் கேட்கணும். ஆனால் குழியில் விழுந்தால் விட்டுவிடுகிறது என்றாலே அது லூஸ் கான்டாக்ட்.


நிலா_ரீடிங்:

பெரியவர் சொன்னதேதான், கியர்பாக்ஸை இறக்காதீர்கள். எஞ்சினை ஓட விடாமல் சாவியை மட்டும் போட்டு, கியரை நாலில் வைத்து, ஓவர்டிரைவ் சுவிட்சைப் போடுங்கள். கியர் லீவர் பக்கம் காதை வைத்தால் கீழே சொலினாய்டு (ஓவர்டிரைவை இயக்கும் மின்காந்தம்) சின்னதாக டிக் என்று சொல்லும். டிக் கேட்டும் ஓவர்டிரைவ் விழவில்லையென்றால் முதலில் ஆயில் அளவு, கியர்பாக்ஸுக்கும் ஓவர்டிரைவுக்கும் ஒரே ஆயில்தான். டிக் கேட்கவில்லையென்றால் சுவிட்சிலிருந்து சொலினாய்டு வரை எங்கோ அறுபடுகிறது. கியர்பாக்ஸ் மேலே ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், மூன்றிலும் நாலிலும் மட்டும் கரண்ட் விடுவதற்கு. பெரும்பாலும் அதுவோ, அதற்குப் பக்கத்தில் ஆயிலில் ஊறிப்போன புல்லட் கனெக்டரோதான். அதே பச்சைப் பொடி அங்கேயும் இருக்கும், கனெக்டரைத் திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.